எழுவாய் இல்லாத கட்டுரைகள்

காவல்துறை பற்றி ஓய்வு பெற்ற அதிகாரிகளும் நிபுணர்களும் எழுதுகிற கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறவன் நான். ஆள் பற்றாக்குறை, பணிச்சுமை, பயிற்சிக் குறைவு என்று அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அடிதடி என்று வந்துவிட்டால் அவர்களுடைய இலக்கணம் மாறிவிடும். 'துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது', 'தேடுதல் நடைபெற்றது'. வினை இருக்கும், செய்தவன் இருக்கமாட்டான்.

எங்க சனம் இப்படிப் பேசாது. 'போலீசு வந்தான், கதவ ஒடச்சான், அடிச்சான்' என்றுதான் பேசும்.

1995 ஆகஸ்ட் 31. ஓட்டப்பிடாரம் பக்கம் கொடியங்குளத்தில் பட்டப்பகலில் போலீஸ் படை புகுந்தது. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த சாமான்களை உடைத்தார்கள். கிணற்றுத் தண்ணீரையும் கெடுத்தார்கள். நிபுணர்கள் இதைச் 'சாதிக் கலவரம்' என்ற தலைப்பில் அடக்கிவிடுகிறார்கள். கலவரம்னா ரெண்டு பக்கம் வேணுமே. அன்றைக்கு லத்தி ஒரு பக்கம்தான் இருந்தது.

2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்துத் திரண்டவர்களில் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் அறிக்கை, ஓடியவர்களைச் சுட்டதைச் சொன்னது. 17 போலீசார்மீது நடவடிக்கை கேட்டது. ஒரு நீதிபதிக்கு எழுவாயோடு எழுத முடிகிறது. நிபுணருக்கு ஏன் முடியவில்லை?

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கும் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு. அதைப் பற்றி யாராவது ஒரு கட்டுரை எழுதட்டும். எழுவாயோடு எழுதட்டும்.