திரையும் செவியும்

பல கருவிகள் ஒருங்கிசைக்கும் பல்லியம் மேனாட்டு இசையின் மணிமுடி எனலாம். அதனை வாசிக்கும் குழுவில் நிலையான இடம் பெறுதல் அரிதினும் அரிது. இளமை தொட்டுப் பயின்று, இசைக் கல்லூரியிலே தேர்ந்து, ஒரேயொரு வெற்றிடத்துக்காகப் பலரோடு போட்டியிட்டு வெல்பவரே அதன் வாயிலை அடைவர். அவ்வாயிலிலே வழங்கப்படும் தீர்ப்பு நீதியானதுதானா என்பது ஆராய்தற்குரியது.

தேர்வு சில நிமிடங்களில் முடிவது. வயலின் வாசிப்பவர் மொசாட்டின் கொன்சேட்டோ ஒன்றன் தொடக்கத்தையும், ரிச்சாட் ஸ்ட்ரௌசின் 'டொன் ஜுவான்' போன்ற படைப்புகளிலுள்ள கடினமான பகுதிகளையும் தனியே வாசித்துக் காட்டல் வேண்டும். முன்னாளில் நடுவர் வாசிப்பைக் கேட்டதோடு வாசிப்பவரையும் கண்டனர். குருவின் பெயரும் நிறமும் பாலும் தீர்ப்பிற் கலக்க அது வழிவகுத்தது. இக்குறையை நீக்க, ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் சிம்பொனிக் குழு 1952ஆம் ஆண்டிலே இடையே திரையிட்டது. 1970களிலும் பின்னரும் ஏனைய அமெரிக்கக் குழுக்கள் பலவும் அதனைப் பின்பற்றின. காலணியின் ஓசைகூட ஆணோ பெண்ணோ எனக் காட்டிவிடாதவாறு மேடையிலே கம்பளம் விரித்தலும் உண்டு. அந்நாட்டின் முன்னணிக் குழுக்கள் ஐந்தில் 1970இல் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவாயிருந்த பெண்கள், 1997இல் நூற்றுக்கு 25 பேராயினர். இவ்வுயர்விலே திரைக்கும் பங்குண்டென 2000ஆம் ஆண்டிலே குளோடியா கோல்டின், செசிலியா ரவுஸ் என்னும் அறிஞர் எழுதினர். அவர்தம் கணக்கின் வலுவைப் பின்வந்தோர் சிலர் ஐயுற்றனர். எனினும், முகம் பாராது இசை கேட்டலின் அறம் அக்கணக்கை மட்டும் சார்ந்ததன்று.

ஆயினும் திரைக்கும் எல்லையுண்டு. பல்லியக் கலைஞரின் தலையாய திறன் தம் ஒலியை அயலார் ஒலியோடு இழையச் செய்தலாகும். தனியே வாசிப்பவரிடம் அத்திறன் முற்றாகப் புலப்படாது. ஆதலாலேயே தேர்வில் வென்றோரைத் தகுதிகாண் காலத்திலே குழுவோடு வாசிக்கவைத்துப் பின்னர் நிலையாக ஏற்கின்றனர். இடர் விளைவதும் அங்கேதான்.

பேர்லின் பில்ஹார்மோனிக் குழுவில் உறுப்பினரே வாக்களித்துப் புதியவரை ஏற்பர். 1982ஆம் ஆண்டளவில் எழுந்த பிணக்கில், நெறியாளர் ஹேர்பேர்ட் வொன் கறயன் விரும்பிய கிளாரினெற் கலைஞர் சபீன மேயரை 73 உறுப்பினர் எதிர்த்தனர்; 4 பேரே ஆதரித்தனர். அவரது ஒலி குழுவோடு இழையவில்லை என்பது கூறப்பட்ட காரணம். பெண் என்பதே உண்மைக் காரணம் எனக் கருதினோரும் உளர். ஆனால், மடலேன் கருஸோ என்னும் வயலின் கலைஞரை 1982இலேயே முதற் பெண் உறுப்பினராக ஏற்றதும் அதே குழுவே. 'இழைவு' என்னும் ஒரு சொல்லினுள்ளே செவியின் தீர்ப்பும், பழைய வெறுப்பும், அதிகாரப் போட்டியும் ஒருங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்பதையே இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

எனவே, திரையை அகற்றுதலும் தகாது. திரையோடு அமைதலும் தகாது. வாயிலிலே கண்ணை மூடிக் கேட்டோர், உள்ளே அழைத்தபின் தாம் கண்ட குறை சுருதியிலா, காலத்திலா, ஒலிநயத்திலா என எடுத்துரைக்கக் கடமைப்பட்டவராவர். பல்லாண்டு சாதகம் செய்து வந்தவரைக் காரணம் கூறாது விலக்குதல், திரையிட்டுப் பெற்ற நீதியைத் திரும்பப் பறித்தலேயாகும்.