நடுவில் நிற்கும் லீவர்

போன நவம்பரில் என் துவக்கு வெடித்தது ஒரே ஒரு தடவை. அதே மாதத்தில் நான் அதற்குத் தோட்டா ஏற்றியதும் இறக்கியதும் நாற்பது தடவைக்குக் குறையாது. பரணில் ஏறி உட்கார்ந்தபின் ஏற்று, இறங்குமுன் எடு. மத்தியானம் காட்டுப் பாதையில் நடக்கும்போது ஏற்று, வேலி தாண்டுமுன் எடு. வாகனத்துக்குள் தோட்டா ஏற்றிய துவக்கு இருக்கவே கூடாது. சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்தால் வெறுமையாக்கி உறைக்குள் வைத்தாக வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல்தான் இரண்டு வருடமாகப் பிழையான சேஃப்டிகளை, அதாவது துவக்கு தவறுதலாக வெடிக்காமல் தடுக்கும் பூட்டுகளை, வாங்கிக்கொண்டிருந்தேன்.

துவக்கு பழையது. செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ ஆலையில் இராணுவத்துக்கென்று செய்த வீ.ஸெட் 24. யாரோ அதன் இராணுவப் பிடிமரத்தைக் கழற்றி வீசி, .30-06 குழல் பூட்டி, வால்நட்டில் புதுப் பிடிமரம் செதுக்கி வேட்டைத் துவக்காக்கியிருந்தார்கள். பாரி சவுண்ட் பக்கம் என்னோடு மானுக்கு வரும் கனேடியக் கிழவர் தன் அலமாரியைக் காலி செய்தபோது எனக்கு விற்றார். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது மௌசர் 98. ஜெர்மன் இராணுவம் 1898இல் ஏற்றுக்கொண்ட அதே பொறி. நான் மௌசர் பக்தன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதுவதில் பாதியை அதற்காகக் கழித்துக்கொள்ளலாம்.

மௌசரின் சேஃப்டி, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் போல்டின் பின்மூடியில் சின்னக் கொடிபோல நிற்கும். இடப்பக்கம் சாய்ந்திருந்தால் சுடலாம். வலப்பக்கம் சாய்த்தால் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியும் போல்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். நேராக நிமிர்த்தினால் ஊசி மட்டும் பூட்டியிருக்கும், போல்டைத் திறக்கலாம். விசையை மறிப்பதோடு நின்றுவிடும் பூட்டு அல்ல இது. ஊசியின் வாலையே பிடித்து, அதைத் தாங்கும் கொளுக்கியிலிருந்து ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துவிடுகிறது. அதன்பின் விசையை இழுத்தாலும் கொளுக்கி சறுக்கினாலும் ஊசிக்கு அசையவே இடம் இல்லை.

இவ்வளவு அழகான ஏற்பாட்டைக் கெடுத்தது ஸ்கோப். இதை வடிவமைத்த பாவுல் மௌசர் காலத்தில் பெரும்பாலான துவக்குகளின் முதுகில் கண்ணாடிக் குழாய் உட்காரவில்லை. ஸ்கோப்பைக் கண்ணுக்கு இசைவாகத் தாழ்த்திப் பூட்டினால் கொடி நிமிரும் இடத்தில் ஸ்கோப்பின் வயிறு வந்துவிடுகிறது. இடமிருந்து வலம் அரைவட்டம் போட வழி இல்லை. எனவே உலகெங்கும் மௌசரை வேட்டைத் துவக்காக்கியவர்கள் முதலில் கழற்றியது அந்தக் கொடியைத்தான். மாற்றுச் சேஃப்டி என்றொரு சந்தையே அப்படித்தான் உருவானது.

நான் முதலில் வாங்கியது அந்தச் சந்தையில் ஆக மலிவானது: பழைய கொடியின் குழியிலேயே இறங்கும், ஸ்கோப்புக்குக் கீழே பக்கவாட்டில் சின்ன வளைவில் ஓடும் தாழ்ந்த லீவர். எடை, உருக்கு, பூச்சு எல்லாம் பெட்டியில் அச்சடித்திருக்கும், அதை விடுவோம். பத்து நிமிடத்தில் பூட்டினேன், அழகாக உட்கார்ந்தது, ஊசியையும் ஒழுங்காகவே பிடித்தது. ஆனால் இரண்டே நிலை. ஒன்றில் சுடலாம், மற்றதில் ஊசியும் போல்டும் பூட்டு. கடைக்காரருக்கு இது ஒரு குறையாகவே படவில்லை. எனக்கும் படவில்லை, முதல் வேட்டைக் காலத்தின் ஆறாம் நாள் மாலை வரை.

அன்று வெப்பநிலை மறை பன்னிரண்டு. இருட்டிக்கொண்டு வருகிறது, பரணில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்த உடம்பு, விறைத்த விரல்கள். இறங்குமுன் தோட்டாக்களை எடுக்க வேண்டும். எடுக்கப் போல்ட் திறக்க வேண்டும். போல்ட் திறக்கச் சேஃப்டியை விடுவிக்க வேண்டும். அதாவது, நாள் முழுக்க ஒரு மானையும் பார்க்காத துவக்கை, வெறுமையாக்குவதற்காகவே சுடத் தயாராக்குகிறேன். விடுவித்துவிட்டுப் போல்டுக்குக் கை கொண்டுபோனபோது எங்கோ இழுத்தது. குனிந்து பார்த்தேன். கையுறையின் பிரிந்த நூல் ஒன்று விசைக்கூண்டுக்குள் வளையமாக மாட்டியிருந்தது. குழல் பரணுக்கு வெளியே, ஆளில்லாத மண்ணைப் பார்த்திருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தேனே, அந்த அரை நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இது என் கையுறைக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. 1962இல் வந்த ரெமிங்டன் 700, அமெரிக்கக் காடுகளில் ஆக அதிகம் சுமக்கப்பட்ட வேட்டைத் துவக்குகளில் ஒன்று. அதிலும் 1982 வரை சேஃப்டி போல்டையும் சேர்த்தே பூட்டியது; வெறுமையாக்க வேண்டுமானால் சேஃப்டியை விடுவித்தே ஆக வேண்டும். 2000ஆம் ஆண்டு மொன்டானாவில் ஒரு தாய் அப்படி விடுவித்த நொடியில் துவக்கு வெடித்து ஒன்பது வயது மகன் இறந்தான். அந்தத் துவக்கின் விசைப்பொறியைச் சுற்றி எழுந்த வழக்குகள் பல வருடம் நீண்டன. விசை தானாக விட்டுக்கொடுத்ததா என்பது வழக்கறிஞர்களின் சண்டை. எனக்கு அதில் உறைத்தது வேறு: அந்த நேரத்தில் சேஃப்டியை விடுவிக்கும்படி அவரைக் கேட்டது துவக்கேதான்.

அடுத்ததாக வாங்கியது விசைப்பொறியோடு சேர்ந்து வரும் பக்கச் சேஃப்டி. பின்மூடியில் ஒன்றும் இருக்காது. வலப்பக்கம், கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு லீவர். முன்னுக்குத் தள்ளினால் சுடலாம். விசை வெண்ணெய்போல வந்தது, மறுக்க மாட்டேன். தாள் இலக்கில் என் குறி நன்றாகவே திருந்தியது. ஆனால் லீவருக்கு வழி விடப் பிடிமரத்தைச் செதுக்க வேண்டியிருந்தது. அந்த வால்நட்டில் உளி வைத்தது எனக்கு இன்றும் ஆறாத புண். இரண்டாவது குறை அதைவிடப் பெரிது. இந்த வகை ஊசியைத் தொடுவதில்லை. விசையை அல்லது கொளுக்கியை மறிப்பதோடு சரி. இறுகிய பெரிய சுருள்வில்லின் பலத்தோடு ஊசி அந்தக் கொளுக்கியின் மெல்லிய விளிம்பிலேயே தொங்குகிறது. விளிம்பு தேய்ந்தால், பனி உறைந்தால், எவனோ விசையை இலேசாக்குகிறேன் என்று அரத்தைப் போட்டிருந்தால், விசையை மறித்து என்ன பயன்?

வன்னியில் பெரியப்பாவிடம், மருந்தை வாய்வழியே இடித்து ஏற்றும் ஓர் இடியன் துவக்கு இருந்தது. சேஃப்டி என்ற பேச்சே அதற்குக் கிடையாது. குதிரையை இழுத்து வைக்காமல் இருப்பதுதான் சேஃப்டி. காட்டுக்குள் அவருக்கு முன்னால் நடக்க எங்களை ஒருநாளும் விட்டதில்லை. இந்தப் பக்கச் சேஃப்டியோடு நடந்த நாட்களில் என் கிழவரையும் நான் முன்னால் நடக்க விடவில்லை.

நான் வாங்கிய வகை போல்டைப் பூட்டவும் இல்லை. இறக்குவதற்கு அது வசதிதான். புதருக்குள் நடக்கையிலோ போல்டின் கைப்பிடி கிளையில் பட்டு எழும்பிவிடும். ஒருநாள் ஒரு மணி நேரம் பதுங்கி நடந்து, மான் நிற்கும் இடத்துக்கு வந்து பார்த்தால் போல்ட் பாதி திறந்து கிடக்கிறது. மான் தப்பியது. இரண்டு நிலைச் சேஃப்டியில் போல்ட் திறக்க முடியவில்லை. இதில் மூடி வைக்க முடியவில்லை. இரண்டு கடையிலும் என் பணம் போனதுதான் மிச்சம்.

மூன்றாவதுதான் இப்போது துவக்கில் இருப்பது. 1936இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70இன் வழியாகப் பேர்பெற்ற பாணி. பின்மூடியையே கழற்றிவிட்டுப் புது மூடி போட வேண்டும். கொடி மேலே நிமிராமல், மூடியின் வலப்பக்கத்தில் முன்பின்னாக ஓடும் சின்னச் செட்டையாகிவிடுகிறது. ஸ்கோப்புக்கு இடைஞ்சல் இல்லை. முன்னுக்கு இருந்தால் சுடலாம். முழுக்கப் பின்னுக்கு இழுத்தால் ஊசியும் போல்டும் பூட்டு. நடுவில் நிறுத்தினால் ஊசி பூட்டு, போல்ட் திறப்பு. பாவுல் மௌசர் கொடுத்த அதே மூன்று நிலை, ஸ்கோப்புக்குப் படுத்துக் கொடுத்தது.

இந்த நடு நிலைக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். இப்போது மாலையில் பரணில் நடப்பது இது: செட்டையைப் பின்னிலிருந்து நடுவுக்குத் தள்ளுகிறேன், போல்டைத் திறக்கிறேன், முதல் தோட்டா கைக்குள் விழுகிறது. என் துவக்கின் அடித்தட்டு கீல் போட்டுத் திறக்கும் வகை அல்ல, பழைய இராணுவத் தட்டு. அதனால் மிச்சத் தோட்டாக்கள் ஒவ்வொன்றையும் போல்டால் முன்னுக்குத் தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும். உயிருள்ள தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழலின் பின்வாய்க்குப் போய் வருகின்றன; அவ்வளவு நேரமும் ஊசி இரும்புப் பிடியில் இருக்கிறது. கையுறையில் நூல் தொங்கினால் தொங்கட்டும். கனடாவின் துப்பாக்கி வகுப்பில், வெறுமையாக்கியதை நிரூபிக்கும் படிகளில் முதல் படி குழலைப் பத்திரமான திசைக்குத் திருப்புவது, அடுத்தது தோட்டாக்களை எல்லாம் எடுப்பது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது சலிப்பாகத்தான் இருந்தது. இரண்டாம் படியை விறைத்த விரலோடு செய்து பார்த்தவனுக்குத்தான் நடு நிலையின் விலை தெரியும்.

எதிர்பாராத ஒரு சலுகையும் உண்டு. ஈரப்பனி போல்டுக்குள் இறங்கி உறைந்தாலோ, எண்ணெய் தடித்தாலோ ஊசி மந்தமாகி, தோட்டா வெடிக்காமல் போகும். போல்டைப் பிரித்துத் துடைக்க வேண்டும். சேஃப்டியை நடுவில் நிறுத்திவிட்டுப் போல்டை வெளியே எடுத்தால், வில் இழுபட்டபடியே நிற்கும். பின்மூடியைக் கையாலேயே சுழற்றிக் கழற்றலாம். பக்கச் சேஃப்டி நாட்களில் இந்த வேலைக்கு மேசை விளிம்பில் ஊசியின் வாலை மாட்டி நெம்பிக்கொண்டிருந்தேன். மேசையில் இன்னும் தழும்பு இருக்கிறது, மனைவி விருந்தினர் எல்லோருக்கும் காட்டுகிறாள்.

இனி வசை. முதலாவது, இதை வாங்கிப் பூட்டும் பண்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊசியின் வாலில் சேஃப்டி பிடிக்கும் வெட்டை ஒவ்வொரு துவக்குக்கும் தனியாகப் பொருத்த வேண்டும். கூட வெட்டினால் செட்டை ஊசியைக் கொளுக்கியிலிருந்து தூக்காது. குறைய வெட்டினால் செட்டையே நகராது. நான் தொடவில்லை. துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்தேன். துவக்கை வாங்கிய விலையில் பாதி போயிற்று. திருப்பி வாங்கும்போது அவர் முன்னாலேயே சோதித்தேன்: அறையும் பெட்டியும் வெறுமை என்று இரண்டு பேரும் பார்த்தபின் போல்டை மூடி, சேஃப்டியைப் போட்டு, விசையை அழுத்தி இழுத்து, விட்டு, பிறகு சேஃப்டியை விடுவிக்க வேண்டும். அப்போது ஊசி விழக்கூடாது. விழுந்தால் அந்தத் துவக்கை அவரிடமே விட்டுவிட்டு வரலாம். எனக்கு விழவில்லை. நடு நிலையிலும் பின் நிலையிலும் பத்துப் பத்துத் தடவை செய்தேன். அவர் தேநீர் போடப் போய்விட்டார்.

இரண்டாவது வசை, சத்தம். பின்னிலிருந்து முன்னுக்கு இரண்டு தட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சடக். காற்றில்லாத காலையில் முப்பது மீற்றரில் நிற்கும் வெள்ளைவால் மானுக்கு அது கதவைத் தட்டியதுபோலக் கேட்கும். தலை தூக்கும், காது திரும்பும், போய்விடும். இதற்கு நான் கண்ட வழி, செட்டையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கிள்ளிப் பிடித்து, தட்டு விழும் இடத்தில் வேகத்தை விழுங்கி மெல்ல நகர்த்துவது. வெறுந் துவக்கில் வீட்டு நிலவறையில் ஒரு மாதம் பழகினேன். ஆனால் தடித்த கையுறையோடு கிள்ள வராது. செட்டையின் நுனி ஸ்கோப்பின் கண்பகுதிக்கு மிக நெருக்கம். விரல் இடையில் புகுவதே இல்லை. செய்தவர்கள் கோடையில் சோதித்திருப்பார்கள்போல.

மூன்றாவது, நடுவில் நிறுத்துவது. அவசரத்தில் பின்னிலிருந்து தள்ளினால் நடுவைத் தாண்டி முன்னுக்கே ஓடிவிடும் என்று பயந்தேன். நாற்பது தடவையில் ஒருமுறையும் ஓடவில்லை. நடுவில் இருக்கும் பள்ளம் ஆழம். அந்த ஆழந்தான் சத்தத்துக்கும் காரணம் என்பதால் இதற்குமேல் முறையிட வாய் வரவில்லை.

பரணிலிருந்து மட்டும், வருடத்தில் இரண்டு நாள், புதுத் துவக்கோடு வேட்டையாடுகிறவருக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. இன்றைய துவக்குகள் பலவற்றில் சேஃப்டி போட்டபடியே போல்டைத் திறக்கலாம். வாங்குமுன் கடையிலேயே வெறுந் துவக்கில் திறந்து பார்த்துவிட்டால் போதும். பழைய மௌசர் வைத்திருந்து, ஸ்கோப்பும் வேண்டும், புதருக்குள்ளும் நடப்பேன் என்பவருக்கு மட்டும் சொல்கிறேன்: இடையில் இரண்டு சேஃப்டி வாங்காமல் நேரே இதற்குப் போங்கள்.

கழற்றிய பழைய கொடி மேசை இலாச்சிக்குள் கிடக்கிறது. கிழவர் வந்தால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஸ்கோப்பே வேண்டாம், குறிமுனையோடு போ, அதையே பூட்டு என்பது அவர் கட்சி. அவருக்கு எழுபத்து மூன்று வயதிலும் கண் அப்படி. எனக்கு இல்லை. பனி கரைந்ததும் துவக்கைத் திருத்துபவரிடம் திரும்பவும் கொண்டுபோகப் போகிறேன். செட்டையின் நுனியில் ஒரு நூலளவு அராவி, ஸ்கோப்புக்கும் அதற்கும் நடுவே கையுறை விரல் நுழைய இடம் செய்து தரச் சொல்ல வேண்டும்.