வாங்கிய மகள், விட்டுக்கொடுத்த மகள்

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் பூர்வீகத்தைத் தேடிப் போகிறவரிடம் வீட்டார் முதலில் எடுத்துத் தருவது காணி உறுதிக் கட்டு. தமிழ்நாட்டில் அதே வேலையில் இறங்கினால் முதல் கேள்வி, “உங்க குலதெய்வம் எந்த ஊரு?” என்பதுதான். ஒரு பக்கம் நொத்தாரிசு எழுதிய தாள், மறுபக்கம் ஊர் எல்லைக் கோயில். மொழி ஒன்று, பெயர் வைக்கும் வழக்கமும் ஏறத்தாழ ஒன்று. ஆனாலும் முப்பாட்டனைத் தாண்டியதும் இரு கரைகளிலும் தேடும் வழி வேறாகிவிடுகிறது. கையில் அகப்படும் ஆட்களும் வேறாகிவிடுகிறார்கள். குறிப்பாகப் பெண்கள்.

சிக்கல் என்னவோ இரு பக்கத்துக்கும் பொதுதான். தமிழரில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகி, பேரன் காலத்தில் உதிர்ந்துபோகும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வந்து, இது எந்தக் கந்தையா என்று திணறடிக்கும். கொழும்பில் 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்ச அட்டவணைகளை அச்சிட்டது. மாறாத குடும்பப் பெயரும் தேவாலயப் பதிவேடும் இருந்ததால் அவர்களுக்கு அது கூடிற்று. நம்மவரைப் பெயரை மட்டும் வைத்து அடையாளம் காண முடியாது. அந்தப் பெயரோடு ஒட்டிய காணியோ கோயிலோ உறவோ கூடவே வேண்டும்.

இலங்கையில் ஆளையும் காணியையும் தாளில் ஏற்றியவர்கள் அந்நியர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் தோம்பு என்ற பதிவேடுகளை எழுதினார்கள். ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் காணித் தோம்பு நிலத்தை எழுதியது. தலைத் தோம்பு வீட்டுத் தலைவன், மனைவி, பிள்ளைகள், வயது, அரசுக்குச் செய்ய வேண்டிய ஊழியம் என்று ஆளை எழுதியது. இவற்றோடு பள்ளித் தோம்பும் உண்டு. கோயிற்பற்றுப் பள்ளிகளில் உபாத்தியாயர்மார் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அதில் பதிந்தார்கள். உத்தியோகம் வேண்டுமானால் கிறிஸ்தவப் பெயரில் பதிந்தாக வேண்டியிருந்த காலம் அது. வீட்டில் சைவராக இருந்தவர் ஏட்டில் ‘தொன் பிலிப்பு’ ஆக நிற்பார். பழைய முதலிமார் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணி, மரத்தில் இல்லாத கிளையை ஒட்டவைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதே 1658இல்தான் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். அங்கே ஏன் ஊர் ஊராகத் தலைத் தோம்பு இல்லை? சோழமண்டலக் கரையில் அவர்கள் வணிகர்கள். கோட்டைக்கு வெளியே நிலம் நாயக்கருடையது, பிறகு மராட்டியருடையது. யாழ்ப்பாணத்திலோ அவர்களே ஆட்சியாளர். வரி வாங்குகிறவன் ஆளை எண்ணுவான், துணி வாங்குகிறவன் கட்டை எண்ணுவான். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் ஒல்லாந்தர் ஆவணங்கள் உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது இந்தியா, இலங்கை இரண்டின் தொகுதிகளும் அதில் அடங்கின. ஆனால் வேர் தேடுகிறவருக்கு இவ்விரண்டும் ஒரே பயன் தருவதில்லை.

தோம்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சீதன உறுதி. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்துக்கொடுத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்தது. தகப்பன் வழி முதுசம் ஆண்மக்களுக்கு; தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டம் பலதை மாற்றினாலும், மகளுக்குக் காணியையும் வீட்டையும் எழுதிக்கொடுக்கும் வழக்கம் தொடர்ந்தது. இதன் விளைவு பூர்வீகம் தேடுகிறவருக்குப் பெரும் கொடை. ஒரு சீதன உறுதியில் கொடுக்கும் தாய் தகப்பன், வாங்கும் மகள், அவள் கைப்பிடிக்கும் மாப்பிள்ளை எல்லாரும் வந்துவிடுவார்கள். இத்தனை பரப்பு, இத்தனை குழிக் காணி தாய்க்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல, முந்திய உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் இருக்கும். அதைப் பிடித்தால் அம்மம்மா. அதற்கும் முந்தியதைப் பிடித்தால் அவளுடைய தாய். நாலெல்லையையும் விட்டுவிடக்கூடாது. கிழக்கே இன்னாள் காணி, வடக்கே இன்னாள் பங்கு என்று வரும் பெயர்கள் பெரும்பாலும் அயலார் அல்லர். காணி பிரிந்தபோது பக்கத்துத் துண்டை வாங்கிய சகோதரிகள்.

தமிழ்நாட்டில் மகளுக்குத் தந்தது நகை, பாத்திரம், ரொக்கம். அதற்குப் பத்திரம் ஏது? பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகள் வரிசையாக நிற்பார்கள், மகள்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். அவர்கள் பெயர் தாளில் ஏறுவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில்தான். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்திலும் உரிமை சேர்த்தது. பங்கு வந்ததும், அந்தப் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரமும் பெருகியது. யாழ்ப்பாணத்து மகள் வாங்கியதால் ஆவணத்தில் இருக்கிறாள். தமிழ்நாட்டு மகள் விட்டுக்கொடுத்ததால் ஆவணத்தில் இருக்கிறாள். வம்சாவளி தேடுகிறவருக்கு இரண்டு கையெழுத்தும் ஒரே அளவு உதவும். அந்தப் பெண்களுக்கு அப்படி இல்லை.

பெயர்பெற்ற குடும்பம் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். 1835இல் இலங்கைச் சட்டநிரூபண சபையின் முதல் தமிழ்ப் பிரதிநிதியானவர் குமாரசுவாமி முதலியார். அவர் மகன் சேர் முத்துக் குமாரசுவாமியும் அந்தச் சபையில் இருந்தார். 1879இல் அங்கே நுழைந்தவர் பொன்னம்பலம் இராமநாதன். முதலெழுத்தை மட்டும் பார்த்தால் குமாரசுவாமிக்கும் பொன்னம்பலத்துக்கும் தொடர்பே தெரியாது. இடையில் நிற்பவர் செல்லாச்சி அம்மையார்: முதலியாரின் மகள், முத்துக் குமாரசுவாமியின் சகோதரி, இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய். ஆண்வழி அட்டவணை போடுகிறவர் இந்தக் குடும்பத்தை இரண்டாக வெட்டிவிடுவார். இன்னொன்று: அந்தச் செல்லாச்சியின் மகன் அருணாசலம்தான் பதிவாளர் நாயகமாக இருந்து 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர். இலங்கையில் பிறப்பு, இறப்பு, காணிப் பதிவுகளைத் தேடிப் போகிறவர்கள் அவர் ஒருகாலம் தலைமை வகித்த திணைக்களத்தின் வாசலில்தான் இன்றும் நிற்கிறார்கள்.

இதற்கு ஈடாக இந்தியப் பக்கத்தில் நாட்குறிப்பால் பெயர்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் குடும்பத்தைச் சொல்லலாம். 1709இல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை புதுச்சேரிக்குக் குடிபெயரக் காரணம், அங்கே செல்வாக்கோடு இருந்த மைத்துனர் நயினியப்ப பிள்ளை. நயினியப்பர் 1716இல் பிரெஞ்சு அதிகாரிகளால் கைதாகி, அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பர் பிரான்சு வரை போய் வழக்காடித் தகப்பனார் மேலிருந்த பழியைத் துடைத்தார். இங்கேயும் குடும்பத்தைப் புதுச்சேரியில் நட்டது பெண்வழி உறவுதான். ஆனால் நூல்கள் பேசுவது மைத்துனர் என்ற முறையை. அந்த முறைக்குக் காரணமான பெண்ணை அல்ல. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கர் எழுதிய நாட்குறிப்பு இல்லையென்றால், வழக்குக் கட்டுகளிலும் கம்பெனிக் கணக்குகளிலும் சிதறிக் கிடப்பதை வைத்து இந்தக் குடும்பத்தை இவ்வளவு நெருக்கமாகக் கட்டியெழுப்பியிருக்க முடியாது. அந்த நாட்குறிப்பே 1846வரை வீட்டுக்குள் கிடந்தது.

புதுச்சேரிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் நிலையான குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, விவாக, இறப்புப் பதிவேடுகள் பல இன்று பிரான்சின் காலனி ஆவணக் காப்பகம் வழியே இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன. இந்தியத் தமிழரில் வேர் தேடுவோருள் காரைக்கால், புதுச்சேரிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தமிழ்நாட்டு மாவட்டங்களில் அரசு எழுதியது நிலத்தை. செட்டில்மென்ட் பதிவேடு, அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் எல்லாவற்றிலும் இருப்பது ‘இன்னார் மகன் இன்னார்’, அவ்வளவே. விதிவிலக்கு 1858இல் ஏற்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகள். மானியம் முதலில் பெற்றவருக்கும் அப்போது அனுபவித்தவருக்கும் என்ன உறவு என்பதையும் கேட்டு எழுதியதால், இனாம் குடும்பங்களுக்கு அது கிட்டத்தட்ட வம்ச அட்டவணை. நிலமில்லாதவருக்கு இந்த ஏடுகள் எதிலும் இடமில்லை. பரம்பரைக் கணக்குப்பிள்ளைக்குக் கிராமத்துக் குடும்பக் கதைகள் மனப்பாடமாக இருந்தன. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிந்தது சரியான முடிவுதான். ஆனால் ஏடுகளைத் தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோனவர்களால் அந்த நினைவைக் கொண்டுபோக முடியவில்லை.

அரசு எழுதாததைத் தமிழ்நாட்டில் சமூகமே எழுதிக்கொண்டது. அதை ஒழுங்காகச் செய்தவர்கள் நகரத்தார். ஒன்பது கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்ததாகவே ஒவ்வொரு குடும்பமும் எண்ணப்படும். கல்யாணத்துக்குக் கோயில் மாலை வரும். கல்யாணமான தம்பதி ஒரு புள்ளியாகக் கோயில் கணக்கில் ஏறுவார்கள். திருமணத்தன்று இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுவார்கள். பெயருக்கு முன் வரும் அவர்களுடைய விலாச எழுத்துகளும் ஒரு வம்சச் சுருக்கம்தான். சர் எம்.சிடி. முத்தையா செட்டியாரின் மகன், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937இல் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். எழுத்து ஒன்று கூடினால் தலைமுறை ஒன்று கூடியிருக்கும். வடநாட்டில் ஹரித்வார்ப் பண்டாக்கள் யாத்திரிகர் குடும்பங்களின் பெயர்களை நீண்ட ஏடுகளில் எழுதிக் காத்து வருவதும் இதே வகை.

யாழ்ப்பாணத்திலும் சமூகம் எழுதியது உண்டு. அமெரிக்க மிஷன் 1816இல் வந்தபின் தேவாலயப் பதிவுகளும், 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையும் சேர்ந்தன. பொறி ஒன்றும் சேர்ந்தது. மிஷன் விடுதி மாணவருக்கு, படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர் பெயரைச் சூட்டினார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எல்லாம் அப்படி வந்த பெயர்கள். நெவின்ஸ் குடும்பத்துக்கு அமெரிக்க மூதாதையரைத் தேடுவது வீண்வேலை.

பெருமை பேசும் குடும்பங்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தேசவழமை அடிமைகளையும் சொத்தாகப் பேசியது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை ஒழியும்வரை, சிலருடைய முன்னோர் கிடைப்பது எசமானர் வீட்டு ஆவணங்களில் மட்டுமே. முதலியார் குடும்பத்தின் வேரைத் தேடுகிறவர் கையில் அவர்களுடைய பெயரும் அகப்படும். அதை விட்டுவிட்டு எழுதும் குடும்ப வரலாறு பாதி வரலாறு.

இரு நாட்டு ஏடுகளும் சேர்ந்து கைவிட்டவர்கள் மலையகத் தமிழர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் பின்னால் போனவர்கள். 1902க்குப் பிறகு வந்தவர்களுக்குத் தோட்டத்தைக் குறிக்கும் தகரத் துண்டு தரப்பட்டது. மண்டபம் முகாமில் பெயர் எழுதப்பட்டது. தோட்டத்தில் செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டில் பெயர் ஏறியது. இவை கூலிக்கான கணக்கு, குடும்பத்துக்கானவை அல்ல. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. மற்றவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கும் வம்சாவளி அவர்களுக்கு நாடு இருப்பதா இல்லையா என்ற வழக்கானது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவரானார்கள். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. இந்தியாவுக்குத் திரும்பியவர்களுக்குக் கண்டியில் இந்திய அதிகாரிகள் கொடுத்த குடும்ப அட்டையில் ஆண், பெண், குழந்தை எல்லாரும் இருந்தார்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் வம்ச அட்டவணை.

எஞ்சியிருப்பது இரு பக்கத்திலும் குறைவே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் வீட்டு உறுதிக் கட்டுகள் பதுங்குகுழிகளிலும் பாதையோரங்களிலும் தொலைந்தன. தமிழ்நாட்டில் அந்த வேலையைக் கரையானும் அலட்சியமும் சத்தமில்லாமல் செய்தன.

ஆகவே தேடப் புறப்படுகிறவர்கள் தாத்தாவை விட்டுவிட்டுப் பாட்டியிடமிருந்து தொடங்குங்கள். அம்மம்மாவின் சீதன உறுதி தொலைந்திருந்தாலும், நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்க வாய்ப்புண்டு. இலக்கமும் நொத்தாரிசு பெயரும் தெரிந்தால் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அத்தைமார் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, நகல் வாங்கலாம். பத்திர எண்ணும் ஆண்டும் தெரியாவிட்டால் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.