ராஜகிரியின் பிளவு

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்களில் பலர் கல்யாண மகால் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மகால் அழகுதான். ஆனால் கோட்டையின் சாமர்த்தியம் முழுக்க அதன் ராஜகிரிக் குன்றின் உச்சிக்குச் சற்று முன்னால் இருக்கிறது.

மூச்சு வாங்க ஏறி, குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றி, அவ்வளவுதான் வந்துவிட்டோம் என்று நினைக்கும் இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கை விட்ட பிளவுதான். மனிதர்கள் அதை மேலும் வெட்டி நீட்டி, ஆழமாக்கியிருக்கிறார்கள். நடுவே அன்று ஒரு மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் வந்தவன் இக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். அக்கரை வாசலும் குறுகல். நாலு பேர் போதும், ஒரு படையையே மறிக்க.

1690இல் முற்றுகையைத் தொடங்கிய ஔரங்கசீப்பின் படை, மராட்டிய மன்னர் ராஜாராம் தங்கியிருந்த இந்தக் கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது. தளபதி சுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம். அந்தப் பிளவின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் அவர்மேல் இரக்கம்தான் வருகிறது.

மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தண்ணீரை மறக்க வேண்டாம்.