சால்டரிங் பெட்டியில் என்ன குறை?

மின்னணுவியல் பழகும் மாணவர்களுக்கென்று விற்கப்படும் மலிவான சால்டரிங் பெட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள். பத்துப் பதினைந்து பொருள்கள் இருக்கும். ஆனால், வேலையின் தரத்தை நிர்ணயிப்பவை மூன்றே: அயர்ன், ஈயம், பிளக்ஸ். குறையும் பெரும்பாலும் இவற்றில்தான்.

ஈயச்சுருளில் கலப்பு விகிதம் அச்சிடப்பட்டுள்ளதா? 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை, 183 டிகிரி செல்சியசில் ஒரேயடியாக உருகும், ஒரேயடியாக உறையும். காரீயம் மிகுந்தால் இடையில் கூழ்நிலை நீடிக்கும். அப்போது கை அசைந்தால் இணைப்பு கெடும். விகிதம் எழுதாத சுருளை வாங்காதீர்கள்.

பிளக்ஸ் ரோசினாக இருக்கட்டும். குழாய் வேலைக்கான அமிலப் பசை செம்புத் தடங்களை நாளடைவில் அரித்துவிடும்.

வெப்பக் கட்டுப்பாடு இல்லாத அயர்ன் சும்மா இருக்கும்போது 400 டிகிரியைக்கூட எட்டலாம். முனை கருகும், தடம் பலகையிலிருந்து பெயரும். இடுக்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்தப் பணத்தைக் கட்டுப்பாடுள்ள அயர்னில் போட்டிருக்கலாமே!

எழும் புகை காரீய ஆவி அன்று, பிளக்ஸ் புகை. எனினும் அது ஆஸ்துமாவைத் தூண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரீயமோ விரல் வழியே வாய்க்குச் செல்லும். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். இதைச் சொல்லாத பெட்டி, எவ்வளவு மலிவானாலும், மாணவருக்கு ஏற்றதன்று.