பழைய ஓவியம் என்பதால் மட்டும் பாராட்டலாமா?



அண்மையில் படிவம் ஐந்து மாணவர்களிடம் ஒரு பழைய ஓவியத்தைத் திரையில் காட்டி, "மதிப்பிட்டு எழுதுங்கள்" என்றேன். பெரும்பாலோர் எழுதியது ஒன்றுதான்: "இவ்வோவியம் மிகவும் அழகாக உள்ளது." ஒரு மாணவி மட்டும், "டீச்சர், நிலா நல்லாத்தான் இருக்கு. ஆனா கீழே ஒண்ணுமே தெரியலையே?" என்று கேட்டாள். திறனாய்வு அங்கேதான் தொடங்குகிறது.

அர்கிப் குயின்ஜி 1880இல் தீட்டிய 'நீப்பர் ஆற்றில் நிலவொளி இரவு' என்பதே அந்த ஓவியம். இன்று செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ருஷ்ய அருங்காட்சியகத்தில் உள்ளது. உக்ரேன் நாட்டுப்புறத்தில் மேகங்களுக்கிடையே நிலவு, கீழே பச்சையாக மின்னும் ஆறு, கரையில் இருளில் மூழ்கிய குடிசைகள்.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளில் நாம் பார்த்துப் பழகியவை ரவிவர்மா பாணிப் படங்கள். அவரும் 1889இல் நிலவொளியில் அமர்ந்த ஒரு பெண்ணைத் தீட்டினார். அங்கே நிலவு பெண்ணுக்குத் துணை. குயின்ஜியிடமோ நிலவொளியே கதைத்தலைவி.

இதன் பலம் என்ன? வண்ணத்தால் உண்மையில் ஒளிவிட முடியாது. அதனால் சுற்றிலும் இருளைப் பரப்பி, சிறிய இடத்தில் மட்டும் வெளிச்சத்தை வைத்தார். குளிர்ந்த பச்சை ஒளிக்கு எதிராக, குடிசைச் சன்னலில் ஒரு துளி வெதுவெதுப்பான விளக்கொளி. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன.

முதன்முதலில் இதை இருட்டாக்கிய அறையில், விளக்கொளி பாய்ச்சித் தனி ஓவியமாகக் காட்டினார்கள். பின்னால் விளக்கு இருக்கிறதா என்று சிலர் எட்டிப் பார்த்தார்களாம். அப்படியானால் புகழ் ஓவியத்துக்கா, அறை ஏற்பாட்டுக்கா? எந்த ஏற்பாடும் இல்லாத நம் வகுப்பறையிலும் எல்லார் கண்ணும் முதலில் நிலவுக்கே போனது. ஆகவே புகழில் பெரும்பங்கு ஓவியருக்கே.

ஆனால் குறையையும் சொல்ல வேண்டும். அவர் பயன்படுத்திய தார் கலந்த வண்ணம் காலப்போக்கில் கறுக்கும் தன்மை உடையது. அதனால் கீழ்ப்பகுதியின் நுணுக்கங்கள் மங்கிவிட்டன. 1880இல் மக்கள் கண்ட ஓவியம் இன்று முழுமையாக நம்மிடம் இல்லை. அந்த மாணவி கண்டது சரியே! என் முடிவு இது: வானமும் ஆறும் இன்றும் வெல்கின்றன, நிலம் தோற்றுவிட்டது.

மாணவர்களே, தேர்வில் "அழகு" என்று எழுதினால் அடுத்த வரியில் "ஏனெனில்" வரட்டும். எதனால் அழகு, எங்கே குறை, உங்கள் முடிவு என்ன என்ற மூன்றுக்கும் சான்று படத்திலிருந்தே வர வேண்டும். பழமை ஒரு தகவல்தான், அதுவே பாராட்டாகிவிடாது.

ஆசிரியர்களே, "ஒண்ணுமே தெரியலையே" என்று கேட்கும் பிள்ளையை அடக்கிவிடாதீர்கள். வகுப்பில் ஓவியத்தைக் கூர்ந்து பார்த்தவர் அவராகவே இருக்கலாம்.