கண்ணாடியில் தெரிந்த ரூமி

சித்திரப்படம் என்றாலே சிறுவர்க்குரியது என எண்ணும் பெற்றோர் நம்மிடையே பலர். ஜப்பானிய இயக்குநர் சதோஷி கோன் 1997-இல் படைத்த முதற்படமாகிய ‘பெர்ஃபெக்ட் புளூ’ அவ்வெண்ணத்தைப் போக்கும். (சிறுவர்க்குக் காட்டத் தக்கதன்று என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.)

பாட்டுக்குழுவை விட்டு நடிகையாகிறாள் மீமா. தொலைக்காட்சித் தொடரொன்றில் அவள் ஏற்பது, பல ஆளுமைகளாய்ப் பிளவுண்ட பெண்ணின் வேடம். நாளடைவில் அந்நோய் மீமாவையே பற்றியதென நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். ஆயின், தானே உண்மையான மீமா என நம்பித் திரிபவள் அவளுடைய மேலாளரும் முன்னாள் பாடகியுமாகிய ரூமி! துரத்தும் காட்சியில் இளம்பாடகி ஒருத்தி காற்றில் மிதப்பதுபோல் துள்ளி வருகிறாள். கடைக் கண்ணாடியிலோ பருத்த உடலோடு மூச்சிரைக்க ஓடும் ரூமி தெரிகிறாள். நோயாளி தன்னைக் காணும் விதம், உலகம் அவளைக் காணும் விதம் இரண்டையும் ஒருங்கே காட்டும் அவ்விடத்தில் நாம் கலங்கிப் போனோம்.

எனினும் நமக்கொரு மனக்குறை உண்டு. இந்நோய் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் உற்ற கொடுமையின் தழும்பு என்பர் மருத்துவர். அதற்கு ஆட்பட்டோர் பிறரைவிடத் தம்மையே வருத்திக்கொள்வது மிகுதி. ரூமியின் குழந்தைப் பருவம் பற்றிப் படம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையில் கொலைக்கருவியை மட்டும் கொடுத்துவிட்டது. இறுதியில் மருத்துவமனைக்கு அவளைக் காண வருபவள், அவளால் மாண்டிருக்க வேண்டிய மீமாவே. மீமாவுக்கு இருந்த அப்பரிவை இயக்குநர் சற்று முன்னரே காட்டியிருக்கலாம்.